பேசின் அக்கா ஓடிய திசை

பேசின் அக்கா அன்று கடற்கரையில் ஏன் ஓடினார்?

இதை அவரிடமே பல தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் வந்தது. "புதுச் செருப்பு கடிச்சிச்சு" என்றார். இன்னொரு தடவை, "கல்யாண வீட்டுப் புரியாணி செமிக்கலடி, அதான் கொஞ்சம் நடந்தேன்" என்றார். அது நடை இல்லை. நான் கண்ணால் பார்த்தேன். ஒரு கையில் சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்து, மறு கையில் என் மகளை இடுக்கிக்கொண்டு, கடித்ததாகச் சொன்ன அந்தச் செருப்பையும் கைப்பையையும் மணலிலேயே விட்டுவிட்டு ஓடினார். மலைமேல் இருக்கும் எங்கள் பதுளைக் கடைவீதியில் எந்தக் கூச்சலுக்கும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழும்பாத மனுஷி அவர்.

அந்தக் கேள்விக்கு இப்போது எனக்கு அவசரமாக விடை வேண்டியிருக்கிறது. என் கணவருக்கு மட்டக்களப்புக்கு இடமாற்றம் வந்துவிட்டது. அங்கே போய் இரண்டு வீடுகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஒன்று கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில். கிணறு, மாமரம், மகள் ஓடி விளையாட மணல் முற்றம், நடந்து போகும் தூரத்தில் பாலர் பாடசாலை. மற்றது ஊருக்குள் ஒரு கடைக்கு மேலே மாடி வீடு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், அடைத்தால் வெக்கை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "நீ சொல்றதுதான்" என்று கணவர் முடிவை என்னிடம் விட்டுவிட்டார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதற்குப் பிறகு நான் ஒழுங்காகத் தூங்கவில்லை.

பேசின் அக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. கடைப் பலகையில் எழுதியிருந்தது அவருடைய மாமனாரின் பெயர். பதுளையில் யாரும் இரண்டையும் பாவித்ததில்லை. அலுமினியப் பானை, இட்லிச் சட்டி, வாளி, அகப்பை என்று எல்லாம் விற்கும் பாத்திரக் கடைதான். ஆனால் வாசலில் நீலம், சிவப்பு, பச்சை என்று துணி அலசும் பிளாஸ்டிக் பேசின்களை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார். அந்தக் கோபுரங்களுக்கு நடுவே ஒரு வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து வியாபாரம் செய்வார். வாளியின் நிலைமையை நினைத்து நாங்கள் கவலைப்படுவோம். நாங்கள் என்றால், கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருந்த என் பெற்றோரும் நானும். என்னைவிட ஒரு தலைமுறை மூத்தவர் என்றாலும் அவரை எல்லா வயதினரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவருக்கு ஒரு கெட்ட பொழுதுபோக்கு இருந்தது. கடைக்குள் வருகிறவர்கள் எதையாவது மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவர்களுக்குப் பின்னால் அலுமினியத் தட்டுகளைக் கட்டோடு கீழே போடுவார். பிறகு யார் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பார். சிலர் துள்ளுவார்கள். சிலர் திட்டுவார்கள். எதிர்க் கடை முஸ்லிம் பெரியவர், எங்கள் எல்லோருக்கும் நானா, ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் கை வைப்பார். நான் ஓடிவிடுவேன். எங்கே, எதற்கு என்று பார்க்க மாட்டேன். நான் தெருவில் நிற்பேன், என் செருப்பு கடைக்குள் கிடக்கும்.

"அடியே பரீட்ச! செருப்பு இங்க இருக்கு, நீ எங்கடி போய்ட்ட?"

பரீட்சை என்பது எனக்கு அவர் வைத்த பெயர். பரீட்சைக்குப் போகும்போது பேனாவைப் பார்க்க மூன்று தடவை படியேறி வந்தவள் என்பதால். இப்போதும் அப்படித்தான். அடுப்பை அணைத்தேனா என்று பஸ்ஸில் இருந்து இறங்கி வந்து பார்த்திருக்கிறேன். அணைத்துத்தான் இருந்தது.

"ஓடுறது தப்பில்ல புள்ள. எதுக்கு ஓடுறோம்னு ஒரு வார்த்த கேட்டுட்டு ஓடு" என்பார் அக்கா.

அவருக்கு அப்படிக் கேட்பதுதான் எல்லாம். யார் என்ன பதற்றத்தைக் கொண்டுவந்தாலும் வாளியில் இருந்தபடி கேள்வி கேட்பார். கேள்வி முடிவதற்குள் பதற்றம் பாதியாகிவிடும். அந்தக் கேள்விக்கு ஒரு நிலையான உருவம் கிடைத்த நாளில் நான் அங்கே இருந்தேன். ஒரு வகையில் அது என்னால்தான் கிடைத்தது.

தீவையே அழ வைத்த அந்தப் பெரிய அலை வந்துபோய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் உயர்தர வகுப்பில் புவியியல் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் கழிந்த நேரம், கடையில் கொக்கியில் தொங்கிய அகப்பைகள் யாரும் தொடாமலே ஒன்றோடு ஒன்று மோதிக் கிணுகிணுத்தன. அக்கா நிமிர்ந்து அவற்றைப் பார்த்து, "யாருடா அது?" என்றார். யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் எதிர்க் கடை நானா ஒரு கையில் ரேடியோவும் மறு கையில் தூக்கிப் பிடித்த சாரமுமாகத் தெருவைக் கடந்து வந்தார். துணிக்கடைக்காரர். கடைவீதிக்குச் செய்தி எல்லாம் அவர் மூலம்தான் வரும். வரும்போது கொஞ்சம் பெருத்துத்தான் வரும்.

"தங்கச்சி! இந்தோனேசியாப் பக்கம் பெரிய நடுக்கமாம்! சுனாமி எச்சரிக்க விட்டிருக்காங்க!"

"பதுளைக்கா நானா?"

"சிரிக்காத!"

"சிரிக்கல நானா. எதுல வரும்னு கேக்கிறேன். ரயில்ல வந்தா இதுதான் கடைசி ஸ்டேஷன், எறங்கித்தான் ஆகணும். பஸ்ல வந்தா பண்டாரவளையில மாறணும். நின்னுக்கிட்டு வரணும், பாவம்."

கடைவீதியே சிரித்தது. நானாவின் முகம் மட்டும் அப்படியே இருந்தது.

"மகள் ஈக்கிறது கல்முனைப் பக்கம் தங்கச்சி. கடற்கரை ரோட்டுல. ஃபோன் போகுதில்ல."

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. நானாவுக்கு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைத்தார். பிறகு மேல்மாடியைப் பார்த்துக் கத்தினார்: "பரீட்ச! கீழ வா!"

நான் வந்தேன்.

"அன்னைக்கி வந்த மாதிரியே இன்னைக்கும் தண்ணி வருமா? எல்லா நடுக்கத்துக்கும் வருமா? நீதானே இதப் படிக்கிற?"

நான் படித்திருந்தேன். ஒப்பிக்கவும் தொடங்கினேன். புவித்தட்டுகள் ஒன்றின்கீழ் ஒன்று அமிழும் எல்லைகளில் உண்டாகும் நிலைக்குத்துப் பெயர்ச்சி, பக்கவாட்டுப் பெயர்ச்சி என்று புத்தகத்தில் இருந்தபடியே வந்தது. நானா என்னை, இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகையில் யாரோ பாட்டுப் பாடியதைக் கேட்டதுபோல் பார்த்தார்.

"என்னடி தட்டு தட்டுங்கிற? நம்ம கடையில இல்லாத தட்டா? பேசின்ல காட்டு!"

பெரிய நீல பேசின் ஒன்றில் தண்ணீர் நிரப்பினோம். அதன் அடியில் ஓர் அகலமான அலுமினியத் தட்டைப் போட்டு, இதுதான் கடலின் அடித்தரை என்றேன். அந்தத் தட்டைத் தண்ணீருக்குள்ளேயே வெடுக்கென்று பக்கவாட்டில் இழுத்தேன். மேலே இலேசாகச் சுழித்தது, அவ்வளவுதான்.

"நடுக்கம் எவ்வளவு பெரிசா இருந்தாலும், தரை இப்படிப் பக்கத்துல நகர்ந்தா மேல இருக்கிற தண்ணிய அது தூக்காது அக்கா. அதே மாதிரி, ரொம்ப ஆழத்துல உடைஞ்சா அதோட தள்ளு கடல் தரை வரைக்கும் வந்து சேராது. ஆழமில்லாத இடத்துல, பெரிசா, தரையையே மேல தூக்கினாத்தான்…"

"இரு, நான் தூக்குறேன்" என்று அக்கா பேசினுக்குள் கையை விட்டார்.

அவர் எதையும் மெதுவாகச் செய்தவர் இல்லை. தட்டை ஒரே தூக்காகத் தூக்கினார். தட்டுக்கு மேலிருந்த தண்ணீர் மொத்தமும் ஒரு முதுகுபோல எழுந்து, பேசினின் விளிம்பைத் தாண்டி, நேராக நானாவின் மடிக்குப் போய்ச் சேர்ந்தது. ரேடியோவும் நனைந்தது.

நானா தன் சாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப இன்னைக்கி எது? தூக்கிச்சா, நகந்திச்சா?"

"அது இன்னும் தெரியாது நானா" என்றேன்.

அந்த நேரத்தில் அவருடைய ஃபோன் அடித்தது. மகள். பிள்ளைகளோடு பள்ளிக்கூட மாடியில் நிற்கிறாளாம். எச்சரிக்கை கேட்டதுமே போய்விட்டார்களாம். "என்ன ஏதுண்டு கேட்டுட்டுப் போனீங்களா மகள்?" என்று நானா கேட்டார். அவள் சொன்ன பதில் எங்களுக்கும் கேட்டது. "கேக்கிறதுக்கு நாங்க நிக்கல்ல வாப்பா."

சாயங்காலம் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். பெரிய அலை வரவில்லை. தரை பக்கவாட்டில் நகர்ந்த நடுக்கம் அது என்று செய்தி வந்தபோது அக்கா தெருவுக்குக் கேட்கும்படி கத்தினார்: "நகந்திச்சு நானா! நகந்திச்சு!"

அன்றிலிருந்து அது அவருடைய கேள்வியாகிவிட்டது. தூக்கிச்சா, நகந்திச்சா?

எதற்கும் இதே கேள்விதான். புருஷனோடு சண்டை என்று ஒருத்தி அழுதுகொண்டு வந்தால், "தட்டத் தூக்கி எறிஞ்சானா, தள்ளி வச்சிட்டுப் போனானா?" தள்ளி வைத்தான் என்றால், "அது நகர்ற கேஸு. சோத்தப் போட்டு மூடி வையி, தானா வருவான்." என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தில் ஏதோ இழுத்தபோது அம்மா சோர்ந்து போனார். அக்கா மாடிப்படியில் நின்று கேட்டார், "மாப்பிள்ள என்ன செஞ்சாரு?" ஒன்றும் பேசவில்லை, ஆனால் போகும்போது திரும்பிப் பார்த்தார் என்று அம்மா சொன்னார். "அப்ப மேலதான் ஆடுது, அடியில தூக்கல. பத்திரிகை அடிங்க." அடித்தோம்.

மகள் பிறந்த பிறகு என் பயங்களுக்கு அளவில்லாமல் போனது. இருமினால் ஓடினேன், இருமாவிட்டாலும் ஓடினேன். முதல் காய்ச்சலின்போது அக்கா தொட்டிலைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பால் குடிக்கிறாளா?"

"குடிக்கிறா."

"ஒன்னப் பாத்துச் சிரிக்கிறாளா?"

"சிரிக்கிறா."

"நகருது. ஆனா பாலு வேணாம்னா தூக்குதுன்னு அர்த்தம். அப்ப எங்கிட்ட கேக்க வராத, ஆஸ்பத்திரிக்கி ஓடு."

அவர் சொன்னதில் அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அப்போது கவனிக்கவில்லை. இப்போது கவனிக்கிறேன்.

ஆனால் இந்த விதியில் ஓட்டை இருந்தது. அதையும் நான்தான் போய்ச் சொன்னேன். விட்டிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். அந்த நீல பேசின் நாளுக்குச் சில நாட்களுக்குப் பின், வகுப்பில் கேட்டுத் தெரிந்துகொண்டதைத் திருத்தமாக ஒப்புவிக்கக் கடைக்குப் போனேன். தவறான பதிலை அப்படியே விட எனக்கு மனம் வராது.

"அக்கா, நகர்ற நடுக்கத்துலயும் சில நேரம் அலை வரலாமாம். கடலுக்கு அடியிலயும் மலையும் சரிவும் இருக்கு. ஆட்டத்துல அந்த மண் சரிஞ்சு விழுந்தா, அதுவும் தண்ணியத் தள்ளும்."

அக்கா துடைத்துக்கொண்டிருந்த சட்டியைக் கீழே வைத்தார்.

"கடலுக்கு அடியிலயும் மண்சரிவா?"

"ஆமா அக்கா."

"நம்ம ஊரு மாதிரியா?"

"இன்னும் பெரிசா."

அவர் எதிர்க் கடையை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நானாகிட்ட சொல்லிறாத. இப்பத்தான் தூங்க ஆரம்பிச்சிருக்காரு" என்றார். மறுநாள் நான் கடைக்குள் நுழைந்ததும் பின்னால் தட்டுக் கட்டு விழுந்தது. நான் தெருவில் நின்றேன். செருப்பு உள்ளே கிடந்தது.

தீபாவளிக்கு முன்னால் அக்கா பாத்திரங்களைத் த்ரீவீல் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தேயிலைத் தோட்டங்களுக்குப் போவார். ஒரு வருடம் ஸ்பிரிங்வெளிக்குப் போனபோது துணைக்கு நானும் போனேன். மழை விட்ட இடைவெளி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால் பேசின்களைப் பரப்பி, பெண்களோடு வம்பளந்துகொண்டிருந்தார். திடீரென்று மேலே மலையில் எங்கோ கனமான லொறி போவதுபோல் ஒரு சத்தம். பெண்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

அக்கா எழவில்லை. "என்னங்கடி, தூக்கிச்சா, நகந்திச்சா?" என்று சிரித்தார்.

கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்த ஒருத்தி திரும்பினாள். "அக்கா, எங்களுக்கு மண்ணு நகந்தாலே போதும்" என்றாள். சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தேடி உள்ளே போனாள்.

அக்காவின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. பிறகு விற்க வந்த பெரிய பேசின்களை எல்லாம் எடுத்துக் கொடுத்தார். கைக்குழந்தைகளை அவற்றில் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் இருவர் பிடித்துக்கொண்டு, தோட்டப் பாடசாலைக்குக் கொண்டுபோனார்கள். அவரும் ஒரு பக்கம் பிடித்தார். அன்று மண் லயத்துக்கு வரவில்லை, தேயிலைக்குள்ளேயே நின்றுவிட்டது. பேசின்களில் பாதி திரும்பி வரவில்லை. அவர் கேட்கவும் இல்லை. கடைக்குத் திரும்பிய பிறகும் சில நாள் யார் பின்னாலும் தட்டுப் போடவில்லை. ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிட்டார்.

இனி அந்தக் கடற்கரை.

நானாவின் கடைசி மகனுக்குக் கல்முனைப் பக்கத்தில் பெண் எடுத்தார்கள். கடைவீதியில் இருந்து ஒரு வேன் போனது. என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் மகளோடு போனேன். அவள் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். விருந்து முடிந்து, வெயில் தாழ்ந்ததும் எல்லோரும் கடல் பார்க்கப் போனோம். மலையில் பிறந்தவர்களுக்குக் கடலைக் கண்டால் ஒரு கூச்சம் வரும். பாதம் நனையும்வரை போவோம், பிறகு சிரித்துக்கொண்டு பின்னால் ஓடிவருவோம். அக்கா மட்டும் ஈர மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, மகளை மடியில் வைத்து, "இந்தாடி ஒனக்குப் பெரிய பேசின்" என்று கடலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது சுனாமி எச்சரிக்கைக்கான ஒலிபெருக்கிக் கோபுரத்தில் இருந்து சங்கு ஊதியது.

அது ஒத்திகை. அந்த ஊராருக்கு முன்கூட்டியே தெரியும். விருந்துக்கு வந்த எங்களுக்குத் தெரியாது. சங்கு ஊதியதும் எங்கள் வேன் கூட்டம் மொத்தமும் ஓடியது. எப்படி ஓடியது என்பதுதான் இப்போதும் அந்த ஊரில் சொல்லிச் சிரிக்கும் கதை. மழைக்காலத்தில் பதுளைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது ஒன்றுதான்: மண் சரிந்தால் மேலே ஓடாதே, கீழே ஓடாதே, வழியைவிட்டு விலகிப் பக்கவாட்டில் ஓடு. கால்களுக்கு அது மட்டும்தான் தெரியும். ஆகவே நாங்கள் அத்தனை பேரும், நானா முன்னே, நான் பின்னே, கடலுக்குச் சமாந்தரமாக, கரையோரமாகவே ஓடினோம். அலை வந்திருந்தால் எங்களை வரிசையாக எடுத்துப் போயிருக்கும்.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து கை தட்டினார். "எங்க போறீங்க? அந்தப் பக்கம் ஓடினா திருகோணமலைதான் வரும்!"

அப்போதுதான் நின்றேன். அப்போதுதான் மகளைத் தேடினேன். ஈர மணலில் ஒரு சோடிச் செருப்பும் ஒரு கைப்பையும் கிடந்தன. அக்கா கடலுக்கு முதுகைக் காட்டி, நேராக, ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்தார். "ஒத்திகைதான் அம்மா! ஒத்திகை!" என்று வழியில் சிரித்தவர்களிடம் அவர் நின்று கேட்டது ஒன்றே ஒன்று: "இந்த ஊர்ல மேடு எங்கய்யா இருக்கு?" "மேடு இல்ல, பள்ளிக்கூட மாடிதான்" என்றார்கள். அந்த மாடியில்தான் அவரைக் கண்டுபிடித்தேன். சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மகள் அவருடைய தாலிக்கொடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒத்திகையாம். நீங்க கேக்கவே இல்லையே" என்றேன். "தூக்கிச்சா, நகந்திச்சான்னு…"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பரீட்ச, ஒன் செருப்பு எங்கடி?" என்றார்.

என் காலில் செருப்பு இல்லை. அவர் காலிலும் இல்லை. அவர் சிரித்த சிரிப்பில் மகள் பயந்து அழத் தொடங்கினாள்.

திரும்பும் வழியில் வேனுக்குள் எல்லோரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். நானாவுக்குத்தான் அதிக சந்தோஷம். "என்ன தங்கச்சி, பதுளைக்கி எந்த பஸ்ல வருமுண்டு கேட்டியே, இன்னைக்கி அலைக்கி ஒனக்கு முந்தி ஏற ஏலாமப் போச்சே!" என்றார். அக்கா அப்போதுதான் செருப்புக் கதையைச் சொன்னார். பதுளைக்கு ஏறும் மலைப்பாதையில் எல்லோரும் தூங்கிப் போனார்கள். நான் மறுபடி கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அது உசரத்துல ஒக்காந்து கேக்கிற கேள்விடி. அங்க போய் யாரு கேப்பா?" என்றார். நான் அதைப் பிடித்துக்கொண்டு, "அப்ப அதுதான் காரணமா அக்கா?" என்றேன். "இல்ல, புரியாணி" என்றார்.

எது உண்மை என்று எனக்குத் தெரியாது. வாளியில் இருந்துகொண்டு அவர் எங்களுக்குக் கற்றுத் தந்த தைரியம் எல்லாம் மலைமேல் இருப்பவர்களுக்கான தைரியமா? அல்லது கையில் என் பிள்ளை இல்லாமல், தனியாக உட்கார்ந்திருந்தால் அன்றும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பாரா? அவர் அடுத்த வருடமே கடையைக் கொடுத்துவிட்டுத் திருச்சியில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் கொடுத்த இலக்கம் இப்போது வேலை செய்வதில்லை. போகும்போது அந்தப் பெரிய நீல பேசினை என் மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

கணவருக்கு அந்தக் கடலோர வீடுதான் பிடித்திருக்கிறது. வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் மாமரத்தை மட்டும் பல கோணங்களில் படம் எடுத்து வந்திருக்கிறார். நேற்று நான் மறுபடி ஆரம்பித்ததும் சொன்னார்: "எல்லா நடுக்கமும் சுனாமி ஆகாதுன்னு பரீட்சையில எழுதிப் புள்ளி வாங்கினவ நீ. இங்க மட்டும் என்ன வாழுது? ஒவ்வொரு மழைக்கும் பையக் கட்டி வாசல்ல வைக்கிற. ஓடுறதுதான் முடிவுன்னா, எங்க இருந்து ஓடினா என்ன?" அதுவும் சரிதான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டை நான் நம்புவதில்லை. அதோடு ஒரு விஷயம் எனக்குத் தெரியும்: நடுக்கம் எவ்வகை என்பது அறிவிப்பவர்களுக்கே உடனே தெரிவதில்லை. கரையில் நிற்கும் நான் பாதத்தை வைத்தா கண்டுபிடிப்பேன்? எல்லாம் தெரியும். தெரிந்ததை வைத்து வீடு எடுக்க முடியவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது மகள் சமையலறையில் நீல பேசினில் தண்ணீர் விட்டு, அடியில் ஒரு தட்டைப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தட்டை ஒரே தூக்காகத் தூக்கினாள். சமையலறை முழுவதும் தண்ணீர். கணவர் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தார். நான் வாசலில் நின்றேன். மகள் என் வெறும் காலைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு, புது ஊரைப் பற்றி ஏதோ நினைவு வந்தவள்போல் கேட்டாள்.

"அம்மா, அங்க மல எந்தப் பக்கம்?"

மலை இல்லாத ஊர் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இதைப் படிப்பவர்களில் கரையோரத்தில் பிள்ளை வளர்ப்பவர்கள் இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். மாமரம் உள்ள வீட்டை எடுப்பதா, மாடி வீட்டை எடுப்பதா? மாமரத்தை எடுத்தால், பக்கத்தில் ஏறி நிற்க எது இருக்கிறது என்று முதலில் யாரிடம் கேட்பது? சங்கு ஊதினால் கேட்க நிற்காதே என்று உங்கள் பிள்ளைகளுக்கு எப்படிச் சொன்னீர்கள், அவர்கள் அதன்பின் பயமில்லாமல் தூங்கினார்களா? திருச்சியில் பாத்திரக் கடைப் பக்கம் போகிறவர்கள் யாராவது, கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து சிரிக்கும் ஒருவரைக் கண்டால், கடற்கரையில் ஏன் ஓடினீர்கள் என்று பரீட்சை கேட்டாள் என மட்டும் சொல்லுங்கள். அவருடைய பதிலை நம்ப வேண்டாம். அவர் காலில் செருப்பு இருக்கிறதா, கழற்றி வைத்திருந்தால் ஓட வாகாக எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால்.